திசைவிக்கு இடும் கட்டளை

நீங்கள் கைபேசியில் ஒரு படத்தைக் காணும்பொழுதும், வங்கியில் பணம் செலுத்தும்பொழுதும், இரயில் பயணச்சீட்டைப் பதிவு செய்யும்பொழுதும் அச்செய்திகள் யாவும் சில இரும்புப் பெட்டிகளின் வழியாகவே செல்கின்றன. அப்பெட்டிகளை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. குளிரூட்டிய அறையொன்றில், உயர்ந்த சட்டங்களில், ஒன்றன்மேல் ஒன்றாக அவை அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டடத்திலுள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியைச் சுவிட்ச் என்பர். ஒரு வலைப்பின்னலிலிருந்து மற்றொரு வலைப்பின்னலுக்குச் செய்தியை வழிகாட்டி அனுப்பும் பெட்டி ரௌட்டர். தமிழில் திசைவி எனலாம். தபால் நிலையத்தில் கடிதங்களின் முகவரியைப் பார்த்து ஊர்வாரியாகப் பிரித்துப் பையில் இடுகிறார்களல்லவா? திசைவி செய்வதும் அதே வேலைதான்; வேகம் ஒன்றே வேறு.

இப்பெட்டிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. அங்ஙனமாயின், இன்ன வேலையைச் செய் என்று அதனிடம் எவ்வாறு கூறுவது?

எழுதித்தான் கூறவேண்டும். ஒரு வரி எழுதினால், அது ஒரு வரியில் விடை தரும். பழைய நாளில் டெலிடைப் என்னும் தந்தித் தட்டெழுத்து யந்திரத்தின் மூலம் கணிப்பொறியோடு உரையாடினார்கள். காகிதச் சுருளில் மனிதன் ஒரு வரி அடிப்பான். யந்திரம் கீழே பதில் அடிக்கும். காகிதம் போய்த் திரை வந்தபின்னும் அவ்வழக்கம் மாறவில்லை. அதற்குத்தான் கட்டளை வரி என்று பெயர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லெனார்டு போசாக், சாண்டி லெர்னர் என்னும் இருவர் 1984 டிசம்பரில் சிஸ்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனத்தின் திசைவிகள் பேசிய கட்டளை மொழியே பிற்காலத்தில் பலருக்கு முன்மாதிரியாயிற்று. எவ்வளவு தூரம் எனில், அச்சொற்களை எடுத்தாண்டதாக அரிஸ்டா நிறுவனத்தின்மேல் சிஸ்கோ 2014இல் வழக்கே தொடுத்தது; 2018இல்தான் இருவரும் சமாதானம் ஆயினர்.

புதிய திசைவி ஒன்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இன்னும் முகவரி இல்லை. ஆகையால் தொலைவிலிருந்து அதை அழைக்க முடியாது. அதன்மேல் கன்சோல் என்று பொறித்த ஒரு துளை உண்டு. அத்துளைக்கும் மடிக்கணினிக்கும் ஒரு கம்பியை இணைக்கவேண்டும். அதன் வழியே பேசும் வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 9600 துடிப்புகள். வினாடிக்கு ஆயிரம் கோடி துடிப்புகளைக் கடத்தவல்ல பெட்டி, தன் எசமானனிடம் மட்டும் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறது!

முதலில் அம்பின் முனை போன்ற ஒரு குறி தோன்றும். இந்நிலையில் பார்க்கலாம், எதையும் மாற்ற இயலாது. ‘எனேபிள்’ என்று எழுதிக் கடவுச்சொல்லைத் தந்தால், குறுக்கும் நெடுக்கும் இரண்டிரண்டு கோடுகள் கொண்ட குறியாக அது மாறும். இப்பொழுது அதிகாரம் கிடைத்துவிட்டது. ‘கான்பிகர் டெர்மினல்’ என்றால் மாற்றங்கள் செய்யும் அறைக்குள் நுழைந்தவர் ஆகிறோம். அதற்கும் உள்ளே, ஒவ்வொரு வாயிலுக்கும் தனியறை உண்டு. வாயிலின் பெயரைச் சொல்லி உட்சென்று, ‘ஐ.பி. அட்ரஸ் 192.168.10.1’ என்று முகவரியையும், அதன் பின்னே 255.255.255.0 என்று வலைப்பின்னலின் எல்லையையும் எழுதவேண்டும். இவ்வளவும் எழுதியபின்னும் வாயில் திறவாது. திசைவியின் வாயில்கள் இயல்பாக மூடியே இருக்கும். ‘நோ ஷட்டவுன்’, அதாவது மூடாதே, என்று ஆணையிட வேண்டும். திற என்று ஒரு சொல் வைத்திருக்கலாம். ஆயினும் எந்தக் கட்டளையையும் ‘நோ’ என்னும் ஒரு சொல்லை முன்னே சேர்த்து நீக்கிவிடலாம் என்ற பொதுவிதி இருப்பதால், இரண்டு எதிர்மறைகளால் ஓர் உடன்பாடு பிறக்கிறது. நம் இலக்கணம் பயின்றவர்களுக்கு இது புதிதன்று.

கட்டளை மறந்துபோனால் ஒரு கேள்விக்குறியை இட்டால் போதும். அடுத்து வரத்தக்க சொற்களையெல்லாம் பெட்டியே வரிசையாகக் காட்டிவிடும். இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைப்பது அரிது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இவ்வகைப் பெட்டியில், விசையை அழுத்திய அக்கணமே கட்டளை நடைமுறைக்கு வந்துவிடுகிறது. ‘செய்யட்டுமா?’ என்று அது பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் அம்மாற்றம் தற்கால நினைவில் மட்டுமே நிற்கும். தனியாகச் சேமிக்கும்படி ஆணையிடாவிட்டால், மின்சாரம் போய்த் திரும்பும்போது பெட்டி பழைய நிலையோடுதான் விழித்தெழும். இது ஒரு குறை என்று நினைக்கத் தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

ஒரு மருத்துவமனையில் இரண்டு சுவிட்சுகளுக்கிடையே ஒரே ஒரு கம்பி செல்கிறது. அதன் வழியே பரிசோதனைக் கூடத்திற்கு 10, மருந்தகத்திற்கு 20, நோயாளிகள் பிரிவுக்கு 30 என்று எண்ணிட்ட மூன்று தனித்தனி வலைப்பின்னல்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன. நான்காவதாக 40ஐச் சேர்க்கவேண்டும். கட்டளையின் நடுவே, சேர் என்று பொருள்படும் ‘ஆட்’ என்ற சிறு சொல்லை இட்டு 40 என்று எழுதினால், நான்கும் செல்லும். அச்சொல்லை விட்டுவிட்டு 40 என்று மட்டும் எழுதினால், 40 மட்டுமே செல்லும் என்று சுவிட்ச் பொருள் கொள்ளும். மற்ற மூன்றும் அந்த வினாடியே நின்றுபோகும். இரத்தப் பரிசோதனையின் முடிவு மருத்துவரின் திரைக்கு வாராது. மருந்துச் சீட்டு மருந்தகத்தை அடையாது. பிழையென்று சுவிட்ச் முணுமுணுப்பதும் இல்லை. இலக்கணப்படி அது சரியான கட்டளையே அன்றோ! கட்டளையிட்ட பொறியாளர் அதே கம்பியின் வழியாகத் தொலைவிலிருந்து வந்தவராயின், தாம் அமர்ந்த கிளையைத் தாமே வெட்டியவர் ஆவார். திருத்துவதற்கும் வழி இராது.

இங்கேதான் முன்பு குறை என்று தோன்றியது குணமாகிறது. அனுபவமுள்ளவர்கள் ஆபத்தான மாற்றத்தைத் தொடங்குமுன், ‘ரீலோட் இன் 10’ என்று எழுதுவார்கள். 10 நிமிடத்தில் நீயே மறுபடி தொடங்கு என்பது பொருள். எல்லாம் நலமாயின், அந்த ஆணையை நீக்கிவிட்டு மாற்றத்தைச் சேமிக்கலாம். தொடர்பு அறுந்துபோனாலோ, பெட்டி தானே மறுபடி தொடங்கிச் சேமித்த பழைய நிலைக்குத் திரும்பும். ஜூனிப்பர் நிறுவனத்தின் திசைவிகளில் இன்னும் செம்மையான முறை உண்டு. அங்கே மாற்றங்கள் ஒரு வரைவில் சேர்கின்றன. ‘கமிட்’ என்று ஒப்புதல் தந்த பின்னரே அவை ஒருங்கே நடைமுறைக்கு வரும். ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று கூறி, 10 நிமிடத்துக்குள் மீண்டும் உறுதி செய்யாவிட்டால், பெட்டி பழைய நிலையை மேற்கொள்ளும். மனிதர் தவறுவர் என்பதை முன்னரே எண்ணி அமைத்த இந்த ஏற்பாடே எனக்கு உகந்தது.

தொலைவிலிருந்து பேசுவதற்கு முன்னாளில் டெல்நெட் பயன்பட்டது. அதில் கடவுச்சொல்லும் மறைவின்றிச் சென்றது. இடையில் இருப்பவர் எவரும் படிக்கலாம். பின்லாந்தின் டாட்டு இலோனென் 1995இல் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி முறையை அமைத்த பின்னர் அதுவே வழக்காயிற்று.

படங்களைத் தொட்டு இயக்கும் முறை இருக்க, இந்த எழுத்துத் தொல்லை எதற்கு என்று கேட்கலாம். ஒரு பெட்டிக்குப் படமே எளிது. இருநூறு பெட்டிகளுக்கு? எழுத்தை நகல் எடுக்கலாம், நேற்றையதோடு ஒப்பிடலாம், தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லவும் செய்யலாம். ஆயினும் பல பெட்டிகளை ஒருசேர ஆளும் வலிமையே கேட்டிற்கும் காரணமாகலாம். 2021 அக்டோபர் 4ஆம் நாள், பேஸ்புக் நிறுவனத்தில் வழக்கமான பராமரிப்பின்போது, முதுகெலும்பு வலைப்பின்னலின் கொள்ளளவை அறிவதற்காக ஒரு கட்டளை இடப்பட்டது. அது அவ்வலைப்பின்னலின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுக்கவேண்டிய தணிக்கை நிரலிலும் ஒரு பழுது இருந்தது. பேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் உலகெங்கும் மறைந்தன. பழுதைக் கண்டறிய உதவும் உட்கருவிகளும் அவற்றோடு செயலிழந்தன. பொறியாளர்கள் நேரிலேயே நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்நிலையங்களோ, அயலார் எளிதில் நுழையவும், நுழைந்தாலும் பெட்டிகளைத் தொட்டு மாற்றவும் இயலாதவாறு கட்டப்பட்டவை. உள்ளே சென்று இணைப்பை மீட்ட பின்னரும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இயக்கவில்லை. குறைந்திருந்த மின் செலவு திடீரென ஏறினால் மின் அமைப்பே தாங்காது என்று அஞ்சி, ஒவ்வொன்றாகவே உயிர்ப்பித்தார்கள்.