இரண்டாகப் பிரிந்த வாக்களிப்பு: மலாக்காவின் தேர்தல் கணக்கு

மலேசியாவின் மலாக்கா மாநிலச் சட்டமன்றத்தில் 28 இடங்கள் உள்ளன. நாடாளுமன்றத்தில் அம்மாநிலத்துக்கு 6 தொகுதிகள். 1964 முதல் 2018 வரை இரண்டுக்கும் பொதுத் தேர்தலின்போது சேர்த்தே வாக்களிப்பு நடந்தது. இது சட்டம் விதித்த கட்டாயமன்று, வழக்கம் மட்டுமே. நாடாளுமன்றத்தைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னரும், சட்டமன்றத்தை முதலமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநரும் கலைக்கின்றனர். இரு தரப்பும் இசைந்தால்தான் ஒரே நாளில் தேர்தல் வரும்.

2021 அக்டோபரில் அந்த வழக்கம் முறிந்தது. உறுப்பினர்கள் நால்வர் முதலமைச்சர் சுலைமான் முகமட் அலிக்கு அளித்த ஆதரவை மீட்டுக்கொள்ள, சட்டமன்றம் கலைக்கப்பட்டது. நவம்பர் 20ஆம் தேதி, பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்கிடையே, மாநிலத் தேர்தல் தனியாக நடந்தது. வாக்களித்தோர் சுமார் 66 விழுக்காடு. தேசிய முன்னணி 21 இடங்களையும், நம்பிக்கைக் கூட்டணி 5 இடங்களையும், பெரிக்காத்தான் நேஷனல் 2 இடங்களையும் பெற்றன. காடேக் தொகுதி ஜனநாயக செயல் கட்சியிடமிருந்து (ஜசெக) மலேசிய இந்தியக் காங்கிரசின் (ம.இ.கா.) கைக்கு மாறியது. 18 வயதினருக்கான வாக்குரிமை அந்த டிசம்பர் 15ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அவர்கள் மாநிலத் தேர்தலைத் தவறவிட்டு, 2022 நவம்பர் 19ஆம் தேதி நாடாளுமன்றத்துக்கு மட்டும் வாக்களித்தனர்.

தோட்டங்களிலும் அலோர் காஜா, ஜாசின் போன்ற ஊர்களிலும் வாழும் தமிழர்களின் தேவைகளும் இவ்விரு வாக்குகளுக்கிடையே பிரிந்தே கிடக்கின்றன. தமிழ்ப்பள்ளி, தொழிலாளர் சட்டம், குடியுரிமை ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு. வீட்டுமனை, கோயில் நிலம், ஊராட்சி ஆகியவை மாநிலத்தின் கையில். ஒரே நாளில் தேர்தல் நடந்தால் செலவு குறையும். வெளியூரில் வேலை செய்வோர் ஒருமுறை ஊர் திரும்பினால் போதும். ஆனால் தேசிய அலையில் நிலப்பட்டா, வடிகால் போன்ற உள்ளூர்ப் பிரச்சினைகள் அடிபட்டுப் போகும். தனித் தேர்தலில் அவை மேடைக்கு வர வாய்ப்புண்டு.

ஊராட்சிக்கான மூன்றாவது வாக்கு இன்று இல்லை. 1950களில் மலாக்கா நகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நாடு முழுதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமோ நியமன முறையை நிலைநிறுத்தியது. மலாக்காவின் நான்கு ஊராட்சி மன்றங்களின் உறுப்பினர்களை இன்று மாநில அரசே நியமிக்கிறது. எனவே குப்பை, தெருவிளக்கு பற்றிய தீர்ப்பும் சட்டமன்ற வாக்குக்குள்ளேயே அடங்குகிறது.

இரு தேர்தல்களையும் மீண்டும் இணைப்பது நாள்காட்டியைப் பொறுத்தது. அவையின் ஐந்தாண்டுக் காலம் முதல் கூட்டத்திலிருந்து எண்ணப்படும். 2021 டிசம்பரில் கூடிய மலாக்கா சட்டமன்றத்தின் காலம் 2026 டிசம்பரிலும், 2022 டிசம்பரில் கூடிய நாடாளுமன்றத்தின் காலம் ஓராண்டு கழித்தும் முடிகின்றன. கலைப்புக்குப் பின் 60 நாளுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். அரசமைப்பைத் திருத்தாமல் மாநிலம் தன் காலத்தை நீட்டிக்க முடியாது; நாடாளுமன்றம் முன்கூட்டியே கலைந்தால் மட்டுமே இரண்டும் ஒரே நாளில் சேரும்.