கன்னியா வெந்நீரூற்றுக்கள்

கன்னியா வெந்நீரூற்றுக்கள் இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், திருகோணமலை நகரில் இருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், அனுராதபுரம் செல்லும் ஏ-12 வீதிக்கு அருகே அமைந்துள்ள ஏழு சுடுநீர்க் கிணறுகள் ஆகும். கடற்கரையை அண்டிய சமதரைப் பகுதியில் இயற்கையாகவே வெந்நீர் ஊறுவதால் இவ்விடம் புகழ் பெற்றது. தமிழ் இந்துக்களுக்கு இது இறந்தோருக்கான கிரியைகளைச் செய்யும் புனிதத் தலமும் ஆகும்.

அமைப்பு

ஏழு கிணறுகளும் ஒன்றுக்கொன்று மிக அருகில், சதுர வடிவில் கட்டப்பட்டுள்ளன. இவை ஆழம் குறைந்தவை. அடித்தளத்தைக் கண்ணால் காணலாம். நீரின் வெப்பநிலை பொதுவாக 37 முதல் 42 பாகை செல்சியசு வரை இருக்கும். கிணற்றுக்குக் கிணறு வெப்பம் சிறிது வேறுபடுவது இங்கு வருவோர் அனைவரும் உணரக்கூடிய சிறப்பாகும். கிணற்றினுள் இறங்கிக் குளிப்பதில்லை. வாளியால் நீரை மொண்டு, கட்டுக்கு வெளியே நின்று தலையில் ஊற்றிக்கொள்வதே வழக்கம். ஒரு கிணற்றில் தொடங்கி ஏழு கிணறுகளிலும் முழுகுவோர் பலர்.

வெப்பத்துக்கான காரணம்

இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலைகள் எவையும் இல்லை. எனவே ஐசுலாந்து, யப்பான் போன்ற நாடுகளின் வெந்நீரூற்றுக்களில் இருந்து கன்னியா வேறுபடுகிறது. இங்கு மழைநீர் பழமையான பாறைகளின் வெடிப்புகள் ஊடாக மிக ஆழத்துக்கு இறங்குகிறது. புவியின் உள்ளே ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை உயர்வதால் அந்நீர் சூடாகின்றது. சூடான நீர் அடர்த்தி குறைந்து, வேறு வெடிப்புகள் வழியே மேலெழுகின்றது. மேற்பரப்பை அண்டியுள்ள குளிர்ந்த நிலத்தடி நீர் கூடியோ குறைந்தோ கலப்பது, கிணறுகளிடையே வெப்பம் வேறுபடுவதற்கு ஒரு காரணம் ஆகலாம். இலங்கையில் மகாஓயா, மகாபெலெசை ஆகிய இடங்களிலும் வெந்நீரூற்றுக்கள் உள்ளன. இந்தியாவில் மகாராட்டிரத்தின் கொங்கண் கரையோரமாகவும் இத்தகைய ஊற்றுக்கள் காணப்படுகின்றன.

தொன்மக்கதை

தன் தாய் வழிபடுவதற்காகத் திருக்கோணேச்சரத்தில் இருந்து இலிங்கம் ஒன்றைப் பெற இராவணன் முயன்றான் என்றும், அவனைத் தடுக்க விரும்பிய திருமால் அந்தணர் வடிவில் வந்து தாய் இறந்துவிட்டதாகக் கூறினார் என்றும் கதை வழங்குகிறது. தாயின் இறுதிக் கடன்களைச் செய்ய நீர் வேண்டி இராவணன் நிலத்தில் ஏழு இடங்களில் ஊன்ற, அங்கெல்லாம் வெந்நீர் பெருகியதாம். இக்கதையின் தொடர்ச்சியாகவே திருகோணமலைச் சைவர்கள் இங்கு அந்தியேட்டி முதலிய கிரியைகளைச் செய்து வருகின்றனர். ஆடி அமாவாசை நாளில் இங்கு பிதிர்க்கடன் செய்வதும் உண்டு.

உரிமைச் சர்ச்சை

உள்நாட்டுப் போர்க் காலத்தில் இங்கு மக்கள் வருகை பெரிதும் குறைந்திருந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னர் நாட்டின் எல்லாப் பகுதிகளில் இருந்தும் பயணிகள் வரத் தொடங்கினர். தொல்லியல் திணைக்களம் இவ்விடத்தைத் தன் பொறுப்பில் எடுத்து, இங்குள்ள இடிபாடுகள் அனுராதபுரக் காலப் பௌத்த எச்சங்கள் என அறிவித்தது. கிணறுகளுக்கு அருகே பிள்ளையார் கோயில் இருந்த அடித்தளத்தின் மீது தூபி அமைக்க எடுக்கப்பட்ட முயற்சியைத் தமிழ் மக்கள் எதிர்த்தனர். 2019 சூலையில் இங்கு எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. அதே மாதத்தில் திருகோணமலை மேல் நீதிமன்றம் அக்கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

ஒரே இடத்தில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு சமயத்தவர் வழிபட்டிருப்பது இலங்கையில் புதிதன்று. ஆயினும், பழைய எச்சங்களைக் காப்பது என்பது வாழும் வழிபாட்டை விலக்குவதாக ஆகிவிடுமா என்பதே இங்கு எழுந்துள்ள கேள்வி. பெற்றோருக்குக் கடன் தீர்க்க வருவோருக்குக் கன்னியா ஒரு சுற்றுலா இடம் மட்டும் அன்று.