போன செவ்வாய் எங்கே போச்சு?



சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் பறந்தால் ஏறத்தாழ 18 மணி 45 நிமிடம். கோடையில் இரு ஊர்களுக்கும் 12 மணி நேர வித்தியாசம். ஆகவே, சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பினால், நியூயார்க்கில் இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரம் அதே நாள் காலை 6.45 காட்டும்!

திரும்பும்போதுதான் வேடிக்கை. திங்கள் இரவு 10 மணிக்கு விமானம் ஏறினால், சிங்கப்பூரில் கால் வைப்பது புதன் விடியற்காலை. நடுவில் வந்த செவ்வாய்க்கிழமை? அது வானத்திலேயே கரைந்துபோயிருக்கும்!