வலி தாங்கவில்லை, வயிறோ மெத்தென்று இருக்கிறது

குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மேல் குடல் தமனி திடீரென அடைபட்டாலும் வயிறு வலிக்கும். மருத்துவமனையில் சேரும் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இது இருந்தாலே அதிகம். ஆனால், வந்தவர்களில் பாதிப் பேராவது இறந்துபோகிறார்கள் என்றே பெரும்பாலான மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

அடைக்கும் ரத்தக்கட்டி பெரும்பாலும் இதயத்திலிருந்து வருகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காததால், ரத்தம் தேங்கி உறைகிறது. இந்தியாவில் வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இளம் வயதிலேயே இந்த ஆபத்து உண்டு.

நோயாளி கட்டிலில் புரண்டு துடிப்பார். மருத்துவர் வயிற்றில் கை வைத்து அழுத்தினால் இறுக்கமே இருக்காது. முதலில் கெடுவது குடலின் உள்சவ்வு. வெளியுறை பிறகுதான் கெடும். அதுவரை வயிறு விறைக்காது. கூடவே வாந்தி, ஓரிரு முறை பேதி. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். ரத்தத்தில் அமைலேஸ் என்ற நொதி கொஞ்சம் கூடியிருந்தால் கணைய அழற்சி என்று எழுதிவிடுவார்கள். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது 'கேஸ் டிரபிள்'. தொடக்கத்தில், திசு கெடும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட்கூட இயல்பாகவே இருக்கலாம். சில மணி நேரத்தில் வலி தணிவதும் உண்டு. வலிக்குப் போட்ட ஊசி வேலை செய்துவிட்டதாக எல்லோரும் நினைக்கும் அந்த நேரத்தில் குடல் செத்துக்கொண்டிருக்கும்.

உறுதிசெய்யும் வழி கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம். காரியம் கெடுவதும் இங்கேதான். மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்குள்ளேயே குடல் சுவர் முழுதும் மீளமுடியாமல் கெட்டுவிடலாம். சந்தேகம் வந்ததுமே, கிரியாட்டினின் கூடியிருந்தாலும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றுதான் அவசர அறுவைச் சிகிச்சை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எல்லா வயிற்றுவலிக்கும் ஸ்கேனா என்று செலவையும் கதிர்வீச்சையும் காட்டிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் துடிப்பு தாறுமாறான முதியவரின் திடீர் வலி அந்த வரிசையில் சேராது.

கண்டுபிடித்தால், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, கட்டியை அகற்றி, செத்த குடலை வெட்டியெடுக்கிறார்கள். மிச்சக் குடல் பிழைத்ததா என்று பார்க்க, 48 மணி நேரத்துக்குள் மறுபடி வயிற்றைத் திறப்பதும் உண்டு.

இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவரைத் திடீர் வயிற்றுவலியோடு அழைத்துப்போகிறவர்கள், அந்தக் கோளாறையும், ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதையும், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.