கன்று வைக்கும் முன் கடதாசியைப் பாருங்கள்

பண்டாரவளையைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு தோட்டத்தில் லயத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பழைய டயரில் வல்லாரை, வேலியோரம் போஞ்சிக் கொடி, நாலு பாத்தி கோவா, ஒரு மூலையில் கறிவேப்பிலை. பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் பலன் தருபவை, இல்லாவிட்டால் அவசரத்தில் பிடுங்கி எடுத்துக்கொண்டு போகக்கூடியவை. நான்கைந்து தலைமுறையாக அதே மண்ணில் வாழும் குடும்பத்தின் வாசலில் பலா மரமோ பட்டர் புரூட் மரமோ நிற்பது அபூர்வம். இரண்டும் இந்தக் காலநிலையில் நன்றாகவே வரும். ஐந்தாறு வருடம் கழித்துக் காய்க்கும் மரத்தை, நாளைக்கு எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டிய நிலத்தில் யார் நடுவார்கள்? ஆகவே வீட்டுத்தோட்டத்தில் எதை நடுவது என்ற கேள்வியை நான் விதைக் கடையிலிருந்து தொடங்கமாட்டேன். காணியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் இன்னும் அரசுடையது. கம்பனிகளிடம் இருப்பது குத்தகை. குடியிருப்பவர்களுக்கோ இரண்டுமில்லை. இதன் கூர்மையை 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தில் காணலாம். அரச காணியின் உடைமையை மீளப்பெறுவதற்கான சட்டம் அது. தகுதிவாய்ந்த அதிகாரி குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கலாம். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே நீங்கள் எத்தனை வருடம் இருந்தீர்கள், எத்தனை மரம் வளர்த்தீர்கள் என்பது எடுபடாது. செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ, அரசு எழுத்தில் தந்த வேறு அதிகாரமோ உண்டா என்பது மட்டுமே அங்கு எடுபடும் கேள்வி. "துரை வாயால சொன்னாரு" என்பது அங்கே பதிலாகாது.

இப்போது பல குடும்பங்களின் கையில் ஏதோ ஒரு பத்திரம் இருக்கிறது. இந்திய உதவியிலான வீட்டுத் திட்டத்தின் கீழ் 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில்தான் வழங்கப்பட்டன. ஜனாதிபதியே வந்து வழங்கினார். அது காணி உறுதியா, வீட்டுக்கான சான்றா என்ற கேள்வியும் அப்போதே பகிரங்கமாக எழுந்தது. அந்தக் கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் தன் பத்திரத்தை வைத்துக் கேட்க வேண்டும். நில அளவை வரைபட இலக்கம் இருக்கிறதா? எத்தனை பேர்ச் என்று எழுதியிருக்கிறதா? எல்லை குறிக்கப்பட்டிருக்கிறதா? கணவன், மனைவி இருவர் பெயரும் உண்டா? காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா? பதில் தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச செயலகத்திடமோ அமைச்சிடமோ எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டியது தகவல் அதிகாரியின் கடமை. மறுத்தால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு. அதிலும் பலனில்லையென்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பண்டாரவளை 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள்.

பத்திரமே இல்லாத லயக் குடும்பங்கள் மரம் நடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், தொழிற்சங்கத் தலைவரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள், ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். நட்ட மரங்களைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். இது உரிமையைத் தராது. பின்னால் நட்டஈடு பற்றிப் பேசும்போது கையில் ஏதாவது இருக்கும்.

உங்கள் பத்திரத்தில் 7 பேர்ச் என்று இருந்தால் அது ஏறக்குறைய 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு, மலசலகூடக் குழி, வடிகான், நடைபாதை எல்லாம் போக ஆயிரம் சதுர அடி மிஞ்சினால் பெரிது. அதில் பலாவை நட்டால் பத்து வருடத்தில் முற்றம் முழுக்க நிழல்தான். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி தேவை. உங்கள் சொந்தக் காணியில் நீங்களே நட்டதானாலும் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கூரைக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு வேர் அத்திவாரத்தைத் தூக்கும்போது நினைத்தவுடன் கோடரி வைக்க முடியாது. சிறிய காணிக்கு என் தெரிவு ஒட்டுக்கன்று பட்டர் புரூட் ஒன்று, இரண்டு வருடத்துக்குள் காய்க்கத் தொடங்கும் மரத்தக்காளி, வேலியில் படரும் கொடித்தோடை. பலாவை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து பொது இடத்தில் வைக்கட்டும்.

சரிவில் வீடு இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் மண்ணைப் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டம் பெரும் இழப்பைச் சந்தித்தது. வீட்டுத்தோட்டம் மலையைச் சரிப்பதில்லை, ஆனால் தவறாகச் செய்தால் சிறிய சரிவுகளுக்கு வழிவிடும். வீட்டுக்கு மேலே மண் திட்டை வெட்டிப் பாத்தி போடாதீர்கள். பாத்திக்காக வடிகானை அடைக்காதீர்கள். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள், விளிம்பில் வெட்டிவேர் வையுங்கள். செங்குத்தான திட்டின் ஓரத்தில் வாழைக் கூட்டம் வேண்டாம். வேர் ஆழம் போகாது, தண்டு நிறைய நீர், மழையில் பாரம் ஏறும். நிலத்தில் புது வெடிப்பு, மரம் திடீரெனச் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் கலங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விளைச்சலைப் பார்க்காமல் வெளியேறுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே முதல் நிலை எச்சரிக்கைக்குரிய அளவு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

தண்ணீர் விஷயத்தில் பண்டாரவளைக்காரர்களுக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை. உமாஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் 2014 இறுதியில் நீர் பீறிட்ட பின் எத்தனை கிணறுகள் வற்றின என்பதை ஊரே பார்த்தது. ஆனி முதல் ஆவணி வரை காற்றும் வரட்சியும். ஆகவே நீண்டகாலக் கன்றுகளை ஐப்பசி மழையோடு நடுங்கள்; அடுத்த கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.

பழைய தேயிலை மண் புளிப்பு மண். அப்படியே மரக்கறி போட்டால் கோவாவும் பீட்ரூட்டும் சுருங்கி நிற்கும். மண்ணைச் சோதித்து டொலமைட் இடுவது பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் நான்கும் ஒரே குடும்பம். வாடல் நோய் வந்த பாத்தியில் ஒன்றை எடுத்து மற்றதை நட்டால் அதுவும் வாடும். விதை வாங்கும்போது முளைப்புத்திறனும் காலாவதித் திகதியும் அச்சிட்ட பைக்கற்றாகப் பார்த்து வாங்கி, பையையும் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். முளைக்காத விதையை விற்றவர்மீது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் மூன்று மாதத்துக்குள் முறையிடலாம், இலக்கம் 1977. 'கெப்பெட்டிபொல நில்' போன்ற போஞ்சி என்றால் நல்ல கொடியில் முற்றிய காயை விட்டு உங்கள் விதையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

2016 குடிசன சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் சுமார் 17 வீதம், தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். இந்த எண்ணை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் மாவட்டத்தில் இது நடக்கிறது. ஆகவே விற்பதற்குக் கோவா வைக்கும் முன் சட்டிக்குக் கீரை வையுங்கள்: பொன்னாங்காணி, வல்லாரை, இடமிருந்தால் முருங்கை. போஞ்சியும் அவரையும் கறிக்கு மட்டுமல்ல, முற்றிய விதையாகவும் பிள்ளைகளுக்குச் சத்து.

பிள்ளை பறித்துத் தின்னும் பாத்திக்கு மருந்தடிக்காதீர்கள். அடித்தே ஆகவேண்டுமென்றால் மூன்று மொழியிலும் எழுதிய, பதிவுபெற்ற போத்தலை மட்டும் வாங்குங்கள். பறிக்கும் வரை எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். சோடாப் போத்தலில் ஊற்றித் தரும் கடைக்காரரிடம் வாங்கவே வேண்டாம். மேலேயுள்ள தேயிலை மலைக்குக் களைகொல்லி அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அழகுக்காக வாசலில் வைக்கும் மணி ஊமத்தையின் பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. தவழும் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது ஆகாது. பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் 1990 அம்புலன்சை அழைத்து, போத்தலையோ செடியின் கிளையையோ கூடவே கொண்டுபோங்கள்.

பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைக்கும் பழக்கம் மலையகத்தில் இருக்கிறது. அதில் சிறுத்தை மாட்டிச் செத்தால் வைத்தவருக்கு வழக்கு. கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையையே கொல்லும்.

வெளியேறும் அறிவித்தல் வந்துவிட்டால் 30 நாள் ஓடிவிடும். அதே நாளில் கடிதத்தையும் கடித உறையையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். பாரபட்சம் நடந்ததாக நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கமும் உண்டு. போகும்போது வீட்டுப் பத்திரம், மின் கட்டணச் சீட்டு, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், மரங்களின் படங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து, மூலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.