பால்மரம் இலையுதிர்க்கும் காலத்தில் வீட்டு முற்றம்

தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில் ரப்பர் தோட்டத்தின் தோற்றமே மாறத் தொடங்குகிறது. அடர்ந்து நின்ற நிரைகளில் இலைகள் மஞ்சளாகவும் செம்மையாகவும் நிறம் மாறி உதிர்கின்றன. நிழல் விலகாதிருந்த வேலைக்காட்டில் வெயில் தரைவரை இறங்குகிறது. தோட்டத்துரைமார் இதனைக் ‘குளிர்காலம் காணுதல்’ என்னும் பொருள்பட ‘விண்டரிங்’ என்று அழைத்தனர். பனி பெய்யும் நாடுகளிலிருந்து வந்த அவர்களுக்கு இலையற்ற மரங்களைக் கண்டதும் தம் ஊர் நினைவு வந்தது போலும். நமக்கோ அது ஆண்டிலேயே வெயில் மிகுந்த காலம்!

குளிர்நாடுகளில் உறைந்து கிடந்த மண் வசந்தத்தில் இளகும். அப்போது மக்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வருவர். குப்பை அகற்றிப் பாத்தி கட்டி விதையிடுவர். மாதக்கணக்கில் வீட்டினுள் அடைபட்டிருந்தவர்கள் ஆதலின் அவ்வேலை அவர்களுக்கு ஒரு திருவிழாவைப் போன்றது. நம் நாட்டில் வசந்தம் என்று தனியே ஒரு பருவம் இல்லை. ஆயினும் முற்றத்தைத் திருத்துவதற்கென்று ஒரு காலம் நமக்கும் உண்டு. பால்மரம் இலையுதிர்க்கத் தொடங்கும் நாள் முதல் சித்திரை மழை வரும் நாள் வரை உள்ள காலமே அது. அந்த இரண்டு மூன்று மாதங்களை வீணே கழிப்பவர்கள், மழை தொடங்கிய பின் சேற்றில் நின்றுகொண்டு பாத்தி கட்ட வேண்டியிருக்கும்.

மரம் ஏன் இலையுதிர்க்கிறது?

பால்மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. நம் நாட்டு ரப்பர் மரங்களுள் பெரும்பகுதி அவற்றின் வழித்தோன்றல்களே. தாயகத்தில் வறட்சிக் காலத்தில் இலையைக் களைந்துவிட்டுப் புதுத்துளிர் விடும் வழக்கத்தை இம்மரம் இங்கும் மறக்கவில்லை. பினாங்கிலும் கெடாவிலும் மழை மிகக் குறைந்து காணப்படுவது சனவரி, பிப்ரவரி மாதங்களில். எனவே இலையுதிர்வும் பெரும்பாலும் அப்போதே நிகழ்கிறது.

புதுத்துளிர் விடுவதற்கு மரம் தான் சேமித்து வைத்த உணவைச் செலவிடுகிறது. அதனால் பால் குறைகிறது. செம்பு நிறத் துளிர்கள் முற்றிக் கரும்பச்சை ஆகும் வரை வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வளிக்கும் தோட்டங்களும் உண்டு. இதன் விளைவு என்ன என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வாளியில் பால் குறைந்தால் மாதக் கடைசியில் கையில் வரும் தொகையும் குறையும். பள்ளி திறப்பும் தைப்பூசச் செலவும் சேர்ந்து நெருக்கும் காலத்தில் கீரைக்கும் மிளகாய்க்கும் கூடக் கடையில் பற்று எழுதும் நிலை எத்தனையோ குடும்பங்களுக்கு நேர்கிறது.

முற்றத்தில் விளையும் நான்கு பாத்திக் காய்கறி அந்த நெருக்கடி முழுவதையும் தீர்த்துவிடாது. கறிச்செலவில் ஒரு பகுதியை அது குறைக்கும்; உணவின் தரத்தையும் உயர்த்தும். இதனை நம் முன்னோர் கடினமான வழியில் கற்றனர். 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமான பின், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அரிதாகிவிட்டது. அந்நாளில் லயங்களைச் சுற்றி நட்ட மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே பல குடும்பங்களின் உயிரைத் தாங்கி நின்றன. பின்னர் 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வெறும் நிலங்களில் உணவுப் பயிர் செய்யுமாறு மக்களை ஊக்குவித்தார். அத்திட்டத்தின் பெயரை இன்று பலர் மறந்திருக்கலாம். உணவுப் பொருள்களின் விலை ஏறும்போதெல்லாம் அதன் நோக்கம் மட்டும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

கல்லுடைத்த இடத்தில் ஒரு பூங்கா

“லயத்து மண்ணில் என்ன விளையும்? அது செம்பூரான் கல்லும் களியும்தானே!” என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்கச் செல்பவர்கள், சிறிது தொலைவு நடந்தால் பினாங்குத் தாவரவியல் பூங்காவை அடையலாம். 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் அதனை உருவாக்கத் தொடங்கியபோது அவ்விடத்தின் ஒரு பகுதி கருங்கல் உடைத்துக் கைவிடப்பட்ட பள்ளமாகவே இருந்தது. இன்று அங்கே நெடுமரங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன. மண் பிறவியிலேயே நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாம் அதற்கு என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது நமக்குத் திருப்பித் தருகிறது.

நாம் கொடுக்கக்கூடியது, அப்போது கண்ணெதிரே குவிந்து கிடக்கிறது. லயத்துச் சாலையிலும் கால்வாயிலும் விழும் ரப்பர்ச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதே பலரின் வழக்கம். திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிடினும், வறண்ட தோட்டத்தில் ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சருகை வீட்டுக்குச் சற்று எட்டக் குவியுங்கள். ஓர் அடுக்குச் சருகு, அதன்மேல் காய்கறித் தோலும் ஆட்டுப் புழுக்கையும் அல்லது கோழி எருவும், அதன்மேல் சிறிது மண் என மாற்றி மாற்றி இட்டு, ஈரம் காயாதபடி தண்ணீர் தெளித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். தை இறுதியில் தொடங்கிய குவியல் சித்திரையில் கறுத்துப் பொலபொலவென்று உதிரும் எருவாகியிருக்கும். மீன், இறைச்சிக் கழிவை அதில் சேர்த்தல் கூடாது, எலி வரும். புரட்டும்போது காலில் சப்பாத்து இருக்கட்டும். தேளும் பாம்பும் சருகை விரும்பும். வேலைக்காட்டு நிரைகளுக்குள் கிடக்கும் சருகை வாரிக்கொண்டு வருதல் முறையன்று; அது அம்மரங்களுக்கே உரமாக வேண்டியது.

நம் தோட்ட மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உடையது. விறகடுப்புச் சாம்பலைச் சிறிதளவு தூவினால் அத்தன்மை குறையும். சாணம் போல் கூடை கூடையாகக் கொட்டினால் பயிர் கருகும். பாத்தி நான்கடி அகலத்துக்கு மேற்படாதிருத்தல் நலம். அப்போதுதான் இருபுறமும் நின்று களையெடுக்கலாம், பாத்திக்குள் கால் வைத்து மண்ணை இறுகச் செய்ய நேராது. தரையினின்று ஒரு சாண் உயர்த்திக் கட்டிய பாத்தியே புரட்டாசி, ஐப்பசி மழையைத் தாங்கும். நிலம் தோட்டத்துக்குச் சொந்தமாயின், மண்வெட்டியை எடுக்குமுன் நிர்வாகத்திடம் ஒரு சொல் சொல்லி அனுமதி பெறுவது பின்னர் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

எதனை எப்போது நடுவது?

கடைகளில் தொங்கும் விதைப் பொட்டலங்களில் குளிர்நாட்டுப் பூக்களும் காலிபிளவரும் கண்ணைப் பறிக்கும். துலிப் போன்ற மலர்களின் கிழங்கு சில வாரங்கள் குளிரில் கிடந்தாலன்றிப் பூக்காது. முட்டைக்கோசும் கேரட்டும் கேமரன் மலை போன்ற உயரமான இடங்களில் செழிப்பவை. சமவெளியில் அவற்றுக்குச் செலவிடும் பணத்தை நான்கு கத்தரி நாற்றுக்குச் செலவிடலாம் என்பதே என் கருத்து.

வறண்ட மாதங்களிலேயே நடத்தக்கவை சில உண்டு. முருங்கைப் போத்தை இப்போதே ஊன்றலாம். ஈரம் மிகுந்தால் அது அழுகிவிடும். வாழைக் கன்றைக் குளியலறைத் தண்ணீர் வெளியேறும் பக்கமாக வைத்தால் அதற்கெனத் தனியே நீர் சுமக்க வேண்டா. கறிவேப்பிலை ஒரு முறை வேர்பிடித்துவிட்டால் பிள்ளைகள் வளர்ந்து மணமாகிச் சென்ற பின்னும் நிற்கும். சித்திரை மழை தொடங்கியதும் கீரை விதையை மணலோடு கலந்து தூவுங்கள். 25 முதல் 30 நாட்களில் பறிக்கலாம். வெண்டை ஏறத்தாழ 50 நாட்களில் காய்க்கும். நீண்ட பயற்றங்கொடிக்குப் பந்தற்கால் தேவை. அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கும். ஆதலால் பயறு எடுத்த பாத்தியில் அடுத்துக் கீரை போடுவது சிறந்தது. இவை யாவற்றுக்கும் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். பால்மரத்து நிழலில் விதைத்துவிட்டு விதையைக் குறை சொல்லுதல் பொருந்தாது.

கீரையின் அருமையைத் தாய்மார்கள் குறிப்பாக உணர்தல் வேண்டும். கருவுற்ற பெண்களிடமும் இளம்பெண்களிடமும் மிகுதியாகக் காணப்படும் இரத்தச்சோகைக்கு, உணவில் இரும்புச்சத்துக் குறைவது ஒரு முக்கியக் காரணம். கீரையிலுள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேர்வதில்லை. சில துளி எலுமிச்சைச் சாறு அதற்குத் துணை செய்யும். உணவோடு பருகும் தேநீர் அதனைத் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். மரவள்ளி இலையைச் சமைப்பவர்கள் நன்றாக வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும். பச்சை இலையில் நச்சு உண்டு.

முற்றத்துக்கு வரக்கூடாதவை

களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் புட்டியையும், பாலை உறையச் செய்யும் பார்மிக் அமிலம் வந்த கலனையும் கழுவி எடுத்துக்கொண்டு வந்து செடிக்கு நீர் ஊற்றும் பழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. எத்தனை முறை கழுவினாலும் அதில் நஞ்சு எஞ்சியிருக்கக்கூடும். பராகுவாட் என்னும் களைக்கொல்லியை மலேசியா 2020 தொடக்கம் தடை செய்தது. ஒரு மிடறு உள்ளே சென்றாலும் உயிரைப் பறிக்கக்கூடிய அதனை முதுகில் சுமந்து தெளித்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்களே. பழைய புட்டி எதுவும் வீட்டு மூலையில் கிடந்தால் அதனைத் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் அது தண்ணீர்ப் புட்டியாகிவிடக் கூடாது.

மற்றொன்று, தேங்கிய நீர். இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் டிங்கிக் காய்ச்சலின் வரலாற்றில் பினாங்குக்கு ஒரு துயரமான இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்காய்ச்சல் இங்கே பதிவாயிற்று. இரத்தக் கசிவை உண்டாக்கும் கடுமையான வகையும் இந்நாட்டில் முதன்முதலாக 1962-இல் பினாங்கிலேயே கண்டறியப்பட்டது. அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களுள் ஒரு வகை வீட்டுக்குள் வாழ்வது. மற்றொரு வகை தோட்டத்தையும் புதரையும் விரும்புவது. இரண்டாவது வகைக்குத் தேங்காய்ச் சிரட்டை, மூங்கில் குருத்துக் குழி, வெட்டு நிறுத்திய மரத்தில் நிமிர்ந்தபடி தொங்கும் மங்கு ஆகிய எல்லாம் பிள்ளைப்பேற்று விடுதிகள். காலையிலும் மாலையிலும் மிகுதியாகக் கடிப்பதால், விடியற்காலையில் வேலைக்காட்டில் நிற்பவர்களை அது எளிதில் எட்டிவிடுகிறது.

இக்கொசுவின் முட்டை நீர் வற்றியவுடன் அழிந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பல மாதங்கள் காய்ந்து கிடந்தும் உயிரோடிருக்கும். தை மாதத்தில் வெறுமையாய்த் தோன்றும் பூந்தொட்டித் தட்டு, சித்திரையில் முதல் மழை நீர் பட்டதும் புழுக்களால் நிறையும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே போதும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓய்வில் உள்ள மரங்களின் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். பழைய டயரைப் பூந்தொட்டியாக்க விரும்பினால் விளிம்பின் உட்குழியையும் மண்ணால் நிரப்புங்கள். செடிக்குச் சேமிக்கும் நீர்த்தொட்டியை இறுக மூடுங்கள். மூட இயலாதாயின் அபேட் மருந்தை அளவோடு இடுங்கள். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கொசுப் புழு காணப்படும் வீட்டாருக்கு அபராதம் விதிக்கச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரமளிக்கிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம், காய்ச்சலில் போன பிள்ளை திரும்பாது. இரண்டு நாட்களுக்கு மேல் கடுங்காய்ச்சல் நீடித்தாலோ, வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரை தருதல் ஆகாது.

செபராங் பிறையில் முன்னர் ரப்பர் நின்ற நிலங்கள் பல இன்று தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பாகவும் மாறியுள்ளன. லயத்தை விட்டு மலிவுவிலை வீட்டுக்குக் குடியேறியவர்களுக்கு முற்றம் என்பது நான்கு சாந்து வாளி வைக்கும் இடமாகச் சுருங்கியிருக்கலாம். அடியில் துளையிட்ட வாளியிலும் மிளகாயும் பசலையும் நன்கு வளரும்; எருவும் வெயிலும் அங்கும் அவையே.

முதல் விளைச்சலில் நல்ல செடியாகப் பார்த்து இரண்டு வெண்டைக்காயை மட்டும் பறியாமல் விட்டுவிடுங்கள். அவை முற்றிச் செடியிலேயே காய்ந்த பின் விதையை உதிர்த்து, உலர்ந்த சாம்பலோடு கலந்து மூடியுள்ள புட்டியில் வையுங்கள். இரண்டு காயின் விதை அடுத்த சித்திரையில் உங்கள் பாத்திக்கும் பக்கத்து வீட்டுப் பாத்திக்கும் போதும்.