வாகனத்தை வாங்கும் முன் அதன் ஆவணங்களை வாசிப்போம்

கொவிட் பெருந்தொற்று நாட்டை முடக்கிய 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பைக் காப்பாற்றும் நோக்குடன் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரையில் 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதியே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில் வாகனம் பற்றிய எமது மக்களின் எண்ணமே மாறிவிட்டது. ஏனைய நாடுகளில் மோட்டார் காரொன்று பழையதாக ஆக அதன் விலை குறைவதே வழக்கம். எமது நாட்டிலோ பல வருடங்கள் ஓடிய காரைக்கூட வாங்கிய விலையிலும் பார்க்கக் கூடிய விலைக்கு விற்கக்கூடிய நிலை தோன்றியது. பாவனைப் பொருளாக இருந்த வாகனம், காணியையும் தங்க நகையையும் போல் ஒரு சொத்தாகக் கருதப்படலாயிற்று.

இறக்குமதி மீண்டும் ஆரம்பித்ததும் விலைகள் பெருமளவில் வீழ்ச்சியடையும் எனப் பலரும் எதிர்பார்த்தனர். எனினும் சுங்கத் தீர்வை, உற்பத்தித் தீர்வை, சொகுசு வரி, 18 வீத பெறுமதி சேர் வரி என வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விதிக்கப்பட்டமையால் அந்த எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. ஆகவே நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் பெரும்பாலானவை பாவித்த வாகனங்களையே நாட வேண்டியுள்ளன. இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. வாங்குவோர் இயந்திரத்தையும் நிறப்பூச்சையும் கவனிக்கும் அளவுக்கு ஆவணங்களைக் கவனிப்பதில்லை. பழுதடைந்த இயந்திரத்தைப் பணம் செலவழித்தாவது திருத்திக்கொள்ளலாம். உரித்தில் குறையுள்ள வாகனத்தை எந்தவொரு கராஜிலும் திருத்த முடியாது.

வாகனப் பதிவுச் சான்றிதழில் இரண்டு உரிமையாளர்கள் குறிப்பிடப்படுவதுண்டு. ஒருவர் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர். மற்றையவர் முழுமையான உரிமையாளர். வாகனம் லீசிங் முறையில் அல்லது கடனில் பெறப்பட்டிருப்பின், முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயரே காணப்படும். தவணைப் பணம் முற்றாகச் செலுத்தப்பட்டு, அப்பெயர் நீக்கப்படும் வரையில் விற்பவருக்கு அந்த வாகனத்தின் முழு உரிமை கிடையாது. "மீதித் தவணைகளை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள்" என்ற வாய்மொழி இணக்கத்துடன் இத்தகைய வாகனங்களை வாங்குவோர் பலர் உள்ளனர். நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் இன்றிச் செய்யப்படும் இவ்வாறான கொடுக்கல் வாங்கலில், தவணை தவறினால் வாகனம் மீளக் கைப்பற்றப்படும். வாங்கியவர் கொடுத்த பணத்துக்கோ எவரும் பொறுப்பேற்பதில்லை.

இதனிலும் பரவலான ஆபத்து, 'ஓப்பன் பேப்பர்' என எமது மக்களால் அழைக்கப்படும் நடைமுறையாகும். உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 ஆகிய படிவங்களில் விற்பவர் ஒப்பமிட்டு, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் நிரப்பாது கொடுத்துவிடுகின்றார். அந்தப் படிவங்களுடன் வாகனம் தரகர், இரண்டாமவர், மூன்றாமவர் எனக் கைமாறிக்கொண்டே செல்கின்றது. மாற்றக் கட்டணத்தைச் சேமிப்பதும் இலகுவாக மறுபடி விற்பதுமே இதன் நோக்கம். ஆனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் முதலாமவரின் பெயரே தொடர்ந்தும் இருக்கும். அவ்வாகனம் ஒருவரை மோதிவிட்டுத் தப்பிச் சென்றாலோ, குற்றச்செயலொன்றில் பயன்படுத்தப்பட்டாலோ, பொலிஸார் முதலில் தேடி வருவது அவரையே. சோதனைச் சாவடிகளும் விசாரணைகளும் நிறைந்த காலங்களைக் கடந்து வந்த தமிழ், முஸ்லிம் மக்களுக்கு, தமது பெயரிலுள்ள வாகனமொன்று முன்பின் அறியாதவரின் கையில் இருப்பதன் பாரதூரத்தை நாம் விளக்கிக் கூறத் தேவையில்லை.

வாங்குபவரின் நிலையும் இதைவிடச் சிறந்ததன்று. பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் இறந்துவிட்டாலோ, வெளிநாடு சென்றுவிட்டாலோ, உரிமை மாற்றம் பெரும் அலைச்சலாகிவிடும். புலம்பெயர்ந்து செல்வோர் அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுத்து வாகனத்தை விற்பதும் எமது பிரதேசங்களில் வழமையாகும். அற்றோணித் தத்துவம், அதனை வழங்கியவரின் மரணத்துடன் வலுவிழந்துவிடும் என்பதைப் பலர் அறியார். தீர்வைச் சலுகை அனுமதிப்பத்திரத்தில் பெறப்பட்ட வாகனங்களில் குறித்த காலம் வரை உரிமையை மாற்ற முடியாத நிபந்தனை இருக்கக்கூடும் என்பதையும் கவனித்தல் வேண்டும்.

ஆதலால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரேயே சில காரியங்களைச் செய்தல் அவசியம். மூலச் சான்றிதழைப் பார்த்து, விற்பவரின் தேசிய அடையாள அட்டையுடன் ஒப்பிட வேண்டும். செஸி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வாகனத்தில் நேரில் பார்த்துச் சான்றிதழுடன் சரிபார்க்க வேண்டும். அந்த இலக்கம் உள்ள இடத்தில் உராய்ந்த தடமோ புதிய ஒட்டு வேலையோ தென்படின், விலை எவ்வளவு மலிவாயினும் விலகிக்கொள்வதே புத்தி. பதிவேட்டிலுள்ள விபரங்களை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையவழிச் சேவை மூலமாகவும் கேட்டறியலாம். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியன நடைமுறையில் உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் கைமாறும் தினத்திலேயே பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தையும் பூரணப்படுத்துவது விற்பவர், வாங்குபவர் ஆகிய இரு சாராருக்கும் பாதுகாப்பாகும்.

ஆவணங்களை அடுத்து வாகனத்தின் கடந்தகாலத்தை ஆராய வேண்டும். எமது வீதிகளில் ஓடும் கார்களில் கணிசமானவை ஜப்பானில் பாவிக்கப்பட்டு, அங்கு ஏலத்தில் விற்கப்பட்டு வந்தவை. ஏலத்தின்போது தயாரிக்கப்படும் பரிசோதனை அறிக்கையில் ஓடிய தூரம், தரப்புள்ளி, உடற்பகுதியின் குறைகள் ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். 4, 4.5 போன்ற இலக்கங்கள் நல்ல நிலையைக் காட்டுவன. ஆங்கில எழுத்தான 'ஆர்' தரப்புள்ளியாக இடப்பட்டிருப்பின், விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்ட வாகனம் என்று பொருள். இந்த அறிக்கைகளிலும் போலிகள் உலவுவதால், விற்பனையாளர் காட்டும் பிரதியை மாத்திரம் நம்பாது, செஸி இலக்கத்தைக் கொண்டு சுயாதீனமாக உறுதிப்படுத்திக்கொள்வது நன்று.

மீற்றர் காட்டும் தூரத்தை ஒருபோதும் தனிச் சான்றாகக் கொள்ளலாகாது. அதனைக் குறைத்துக் காட்டுவது இன்று மிக இலகுவான வேலை. ஆனால் தேய்ந்த பிரேக் மிதி, வழுவழுப்பாகிய ஸ்டியரிங், தொய்ந்துபோன சாரதி ஆசனம் ஆகியன மீற்றரைப் போல் பொய் சொல்வதில்லை. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரிக்கப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் குறிப்பன. உதாரணமாக, 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரமாகும். இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அதனை இயக்கிப் பார்க்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வெளிவருமாயின் ஒயில் எரிகின்றது என்பது தெளிவு.

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த வெள்ளம் நாட்டின் பல பாகங்களை மூழ்கடித்தமை யாவரும் அறிந்ததே. அவ்வாறான அனர்த்தங்களில் நீரில் மூழ்கிய வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். ஆசனப் பட்டியை முழுமையாக இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். மேலதிக டயர் வைக்கும் குழியிலும், ஆசனங்களின் அடியிலுள்ள இரும்புப் பகுதிகளிலும் துருவும் மண்ணும் தங்கியிருக்கும். ஹைபிரிட் மற்றும் மின்சார வாகனங்களில் மின்கலமே மிகப் பெறுமதியான உறுப்பாகையால், அதன் எஞ்சிய கொள்ளளவைக் கணினிப் பரிசோதனை மூலம் அறியாது விலை பேசுதல் கூடாது. இப்பரிசோதனைகளைத் தமக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். விற்பவர் சிபாரிசு செய்யும் ஒருவரை இதற்கு அழைப்பதில் பயனில்லை.

இறுதியாகப் பணத்துக்கான வழி. 'பத்து வீத வட்டி' என்று கூறப்பட்டால், அது எந்தக் கணிப்பு முறையில் என்பதைக் கேட்க வேண்டும். முப்பது இலட்சம் ரூபாவை ஐந்து வருடங்களுக்கு, ஆரம்பத் தொகையின் மீதே ஒவ்வொரு வருடமும் 10 வீதம் எனக் கணித்தால், வட்டி 15 இலட்சமாகும். மாதத் தவணை 75,000 ரூபா. ஆனால் மாதந்தோறும் கடன் குறைந்து செல்வதைக் கருத்திற்கொண்டு கணித்தால், உண்மையான வட்டி வீதம் வருடத்துக்கு ஏறத்தாழ 17 ஆகும். ஆகவே வீதத்தை மாத்திரம் கேளாது, முழுக் காலத்திலும் செலுத்த வேண்டிய மொத்தத் தொகையையும், தாமதக் கட்டணத்தையும், முன்கூட்டியே கடனை முடித்தால் அறவிடப்படும் தொகையையும் எழுத்தில் பெற்று ஒப்பிட வேண்டும்.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வாசகர்களுக்கு இஜாரா, முறாபஹா ஆகிய முறைகள் உள்ளன. இஜாராவில் நிறுவனம் வாகனத்தைத் தனது உடைமையாக வைத்து வாடகைக்கு விடுகின்றது. முறாபஹாவில் கொள்விலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகக் கூறி விற்கின்றது. பெயரை மாத்திரம் பார்த்துத் திருப்தியடையாது, தாமதத்துக்கு அறவிடப்படும் தொகை எங்கு செல்கின்றது, வாகனம் முற்றாக அழிந்தால் இழப்பு யாருக்கு என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும்.

எந்த முறையாயினும், தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் எவரும் ஒப்பமிடலாகாது. தமிழ்ப் பிரதி கேட்பதற்கு எமது மக்கள் கூச்சப்படுகின்றனர். அதிகாரிகள் அவசரப்படுத்தும்போது காட்டிய இடங்களிலெல்லாம் ஒப்பமிட்டுவிட்டுப் பின்னர் வருந்துகின்றனர். ஒருநாள் தாமதித்து, மொழியறிந்த ஒருவரையோ சட்டத்தரணியையோ கொண்டு வாசித்தறிவதால் எந்த நட்டமும் ஏற்பட்டுவிடாது. விற்பனை நிலையமொன்றினால் ஏமாற்றப்பட்டதாகக் கருதுவோர் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். அதற்கும் பற்றுச்சீட்டும் எழுத்துமூல உறுதியும் கையில் இருத்தல் வேண்டும்.

அரசாங்கத்துக்கும் இதில் ஒரு கடமை உண்டு. வாகனத்தின் உரிமை, கடன், விபத்து, ஓடிய தூரம் ஆகிய விபரங்களை ஒரே இடத்தில், மூன்று மொழிகளிலும், எவரும் பார்வையிடக்கூடிய ஏற்பாடு செய்யப்படுமாயின் இம்மோசடிகளில் பெரும்பகுதி தானாகவே ஒழிந்துவிடும். அது வரையில், பல வருடச் சேமிப்பையும் வரப்போகும் வருடங்களின் உழைப்பையும் சேர்த்து வாகனம் வாங்கும் குடும்பங்கள், முதலில் ஆவணம், அடுத்து வாகனம், இறுதியாகவே பணம் என்ற ஒழுங்கைக் கைவிடாதிருக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.